குடியாத்தம் லுங்கிக்கு யார் முதலாளி? முதலாளித்துவமும் சோசலிசமும்: ஓர் எளிய அறிமுகம்

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் யாரை வேண்டுமானாலும் 'முதலாளி' என்று கூப்பிடலாம். பெட்டிக்கடைக்காரர் முதலாளி, இரண்டு லாரி வைத்திருப்பவர் முதலாளி, ஆம்பூர் பிரியாணிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் முதலாளி. மரியாதைச் சொல் அது. அதோடு 'த்துவம்' சேர்ந்ததும் சண்டைச் சொல் ஆகிவிடுகிறது.

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் என் மாமாவும் மச்சானும் இதை வைத்து ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரர். மச்சான் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறவர். மாமா 'சோசலிசம்' என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தது ரேஷன் கடையும் அரசுப் பள்ளியும். மச்சான் அதே சொல்லைச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது ஜோசப் ஸ்டாலின் காலத்து ரஷ்யா. ஆளுக்கு ஒரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை எப்படித் தீரும்? அவர்கள் இருவருக்காகவும், அவர்களைப் போல் பேசுகிற நம் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே தறி, மூன்று ஏற்பாடு

என் சித்தப்பா வீட்டு முன்னறையில் ஒரு குழித்தறி இருக்கிறது. தரையில் தோண்டிய பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். ஒரு கை கயிற்றை இழுக்கும்; குறுக்கு நூலை, அதாவது ஊடையைச் சுமக்கும் நாடா, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் ஓடும். மறு கை பலகையை அடிக்கும். அந்தச் சத்தத்தில்தான் அந்த வீட்டில் பேச்சே நடக்கும். அவர் நெய்வது லுங்கி. இத்தனை வருடத்தில் அதே தறியில் மூன்று விதமாக வேலை பார்த்திருக்கிறார்.

முதலில் சொந்தமாக நெய்தார். தன் காசில் நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, நெய்து, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். லாபமும் அவருக்கு, நஷ்டமும் அவருக்கு. ஒரு வருடம் நூல் விலை ஏறியது, லுங்கி விலை ஏறவில்லை. முதலுக்கே மோசம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு மாஸ்டர் வீவரிடம் கூலிக்குப் போனார். பாவும் ஊடை நூலும் மாஸ்டர் வீவர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் பாவுக்கு இவ்வளவு என்று கூலி. லுங்கி நெய்தவருக்குச் சொந்தமில்லை, நூல் கொடுத்தவருக்குச் சொந்தம். பிறகு சில வருடங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். சங்கம் நூல் கொடுக்கும், கூலியும் கொடுக்கும்; லாபம் வந்தால் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு; சங்கத்தை நடத்துகிறவர்களை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

மூன்று ஏற்பாட்டிலும் லுங்கி அதே லுங்கி, மிதிக்கிற கால் அதே கால். மாறியது 'முதல்' யார் கையில் இருக்கிறது என்பது மட்டும். முதலை ஆள்பவர் முதலாளி. நம் மொழி இதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. நிலம், தறி, நூல், இயந்திரம், கட்டடம் என்று ஒரு பொருளை உண்டாக்கத் தேவைப்படும் எல்லாவற்றையும் சேர்த்து உற்பத்திச் சாதனங்கள் என்பார்கள். இவை பெரும்பாலும் தனியார் கையில் இருந்து, மற்றவர்கள் கூலிக்கு உழைத்து, லாபத்துக்காகச் சந்தையில் விற்கும்படி பொருள் உண்டாக்குவது முதலாளித்துவம். இவை சமூகத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மக்களின் தேவைக்காக உற்பத்தி நடக்க வேண்டும் என்பது சோசலிசம். 1930-களில் பெரியாரும் சிங்காரவேலரும் 'சமதர்மம்' என்ற பெயரில் மேடை மேடையாகப் பேசியது இதைத்தான். 'சமூகத்துக்குச் சொந்தம்' என்றால் அரசுக்கா, கூட்டுறவுக்கா, உழைக்கிறவர்களுக்கா என்பதில் சோசலிஸ்டுகளுக்குள்ளேயே நூறு வருடத்துக்கு மேலாக வாதம் நடக்கிறது.

இதுவரை பார்த்தது ஒரே ஒரு கேள்வி: உற்பத்திச் சாதனம் யாருடையது? இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதை எவ்வளவு செய்வது என்று யார் முடிவு செய்வது? வந்ததை எப்படிப் பங்கு போடுவது? இந்த மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே குறைந்துவிடும்.

சந்தை இருந்தால் முதலாளித்துவமா?

செவ்வாய்க்கிழமை காலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தொகை தெரியாது. இப்படி வாங்குவதும் விற்பதும் முதலாளித்துவம் பிறப்பதற்குப் பல நூறு வருடம் முந்தியது. முதலாளித்துவம் என்ற ஏற்பாடு ஐரோப்பாவில் வளர்ந்து, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளோடு முழு வேகம் பிடித்தது. அங்கே புதிதாக வந்தது, தறியும் நிலமும் இல்லாத லட்சக்கணக்கானவர்கள் உழைப்பை மட்டும் விற்றுப் பிழைக்கும் நிலைமை.

ஆகவே கடை வைத்திருப்பவரெல்லாம் முதலாளித்துவவாதி இல்லை. அதே போல, சோசலிசத்தை ஏற்றுக்கொண்டு சந்தையையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு: கம்பெனி தொழிலாளிகளுக்கே சொந்தமாக இருக்கட்டும், ஆனால் சந்தையில் போட்டி போட்டு விற்கட்டும் என்பது அவர்கள் வாதம்.

கத்தரிக்காய் விலை சொல்லும் சேதி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை ஏறும். ஏன் ஏறியது என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. விலையைப் பார்த்த விவசாயி அடுத்த முறை முகூர்த்தத்தைக் கணக்குப் பண்ணி அதிகம் பறித்து அனுப்புவார். வீட்டுக்கு வாங்க வந்த அம்மா "இன்னிக்கு வேணாம், சுரைக்காய் குடு" என்று திரும்பிவிடுவார். எங்கோ ஒரு கல்யாண மண்டபத்தில் தேவை இருக்கிறது என்ற செய்தி, அந்த மண்டபத்தைப் பார்த்தே இராத இருவரின் நடத்தையை மாற்றிவிட்டது. செய்தியைக் கொண்டுபோனது விலை.

முதலாளித்துவத்தின் பக்கம் நிற்பவர்களின் மிக வலுவான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆஸ்திரியாவில் பிறந்த பொருளியலாளர் ஹாயெக் 1945-ல் இதைத் தெளிவாக எழுதினார். ஒரு நாட்டில் யாருக்கு என்ன வேண்டும், எங்கே என்ன கிடைக்கும் என்ற அறிவு லட்சக்கணக்கானவர்கள் தலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அதை ஒரு அலுவலகத்தில் திரட்ட முடியாது, விலைதான் அதை இணைக்கிறது என்றார் அவர்.

விலைக்குப் பதில் ஒரு மேலதிகாரி கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்? கற்பனை செய்து பாருங்கள். குடியாத்தம் இந்த வருடம் இத்தனை லட்சம் மீட்டர் லுங்கி நெய்ய வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. அளவு மீட்டரில் என்றால் இழையைக் குறைத்து, வலை மாதிரி நீளமாக நெய்வார்கள். கிலோவில் என்றால் போர்வை மாதிரி கனமாக நெய்வார்கள். உத்தரவு நிறைவேறிவிடும், கட்டிக்கொள்ள லுங்கி இருக்காது. நெசவாளி மேல் குற்றமில்லை. எதை அளக்கிறோமோ அதைத்தான் மனிதர்கள் செய்து காட்டுவார்கள்.

இங்கேயே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விலைக்குக் காது உண்டு, ஆனால் காசு வைத்திருப்பவர் குரல் மட்டும்தான் அதில் விழும். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்துப்போனார்கள். நெல் விளைச்சலின் குறைவு மட்டும் இதற்குக் காரணமில்லை. போர்க்காலத்தில் ஏறிய விலையில் அரிசி வாங்கும் சக்தி கிராமத்துக் கூலிகளுக்கு இல்லாமல் போனதுதான் முக்கியம் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் பிற்பாடு காட்டினார். பசித்தவர் கையில் காசு இல்லாவிட்டால், அவருக்கு அரிசி தேவை என்ற சேதி விலை வழியாக யாருக்கும் போய்ச் சேருவதில்லை.

சுருக்கமாக: சந்தையில் விலை செய்தியைக் கடத்துகிறது, திட்டத்தில் உத்தரவு கடத்துகிறது. உத்தரவுக்கு ஊர் நிலவரம் தெரியாது. விலைக்கு ஏழையின் தேவை தெரியாது.

அந்த எழுபது ரூபாய் யாருடையது?

கார்ல் மார்க்ஸின் முக்கியக் குற்றச்சாட்டை ஒரு லுங்கிக் கணக்கில் பார்க்கலாம். புரிந்துகொள்வதற்காக நானே போட்ட தொகைகள் இவை. நூலும் சாயமும் 150 ரூபாய். நெய்கிற கூலி 80. கடைக்கு 300-க்குப் போகிறது. மிச்சம் 70.

நூல் தானாக லுங்கி ஆகவில்லை. 150 ரூபாய் நூல் 300 ரூபாய் லுங்கி ஆனது உழைப்பால். உழைத்தவருக்கு 80 மட்டும் கிடைத்தது. உழைப்பு உண்டாக்கிய மதிப்பில் உழைத்தவருக்குக் கொடுக்காமல் மிஞ்சும் பங்கை மார்க்ஸ் உபரி மதிப்பு என்றார். அதை எடுத்துக்கொள்வதைச் சுரண்டல் என்றார். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இதில் பேச்சே இல்லை. தறியும் நூலும் இல்லாதவர் கிடைத்த கூலிக்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நிலைமையைத்தான் அவர் சுட்டினார்.

என் மச்சானிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "லுங்கி விக்கிறதுக்கு மூணு மாசம் ஆவும். கூலிய இன்னிக்கே குடுத்தாச்சு. விக்காம போனா யாரு தலையில?" நியாயமான பதில்தான். காத்திருப்பதற்கும், நஷ்டத்தைத் தாங்குவதற்கும், எந்த ஊரில் எந்தக் கட்டம் போட்ட லுங்கி போகும் என்று தெரிந்து வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சித்தப்பா தனியாக நெய்தபோது அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாமல்தானே கூலிக்குப் போனார்?

ஆனாலும் அந்த 70-ல் எவ்வளவு காத்திருப்புக்கு, எவ்வளவு வேறு வழியில்லாத நெசவாளியின் பலவீனத்தால் கிடைத்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தொழிற்சங்கம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், எட்டு மணி நேர வேலை எல்லாம் இந்தப் பேரத்தைச் சரிசெய்ய வந்தவை. இங்கிலாந்தில் 9 வயதுக்குக் கீழான குழந்தைகளைப் பஞ்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833-ல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. சந்தை தானாக அந்தக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பவில்லை.

விலைச்சீட்டில் ஏறாத செலவு: பாலாறு

இந்த விவாதத்தைப் புத்தகத்தில் படிக்காமலே வேலூர்க்காரர்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. எங்கள் ஊர்த் தோல் ஐரோப்பியர் காலில் ஷூவாக நடந்தது. அந்த ஷூவின் விலையில் ஆட்டுத்தோல் இருந்தது, கூலி இருந்தது, கப்பல் கட்டணம் இருந்தது. பாலாறு இல்லை.

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் தேவை. உப்பும் குரோமியமும் கலந்து அது வெளியே வரும்போது யாரும் அதற்கு விலை கட்டவில்லை. ஆற்றங்கரைக் கிணற்றுக்காரர்தான் கட்டினார், தன் தென்னையால், நெல்லால், குடிதண்ணீரால். ஒரு பொருளை விற்பவரும் வாங்குபவரும் சுமக்காமல் மூன்றாமவர் தலையில் விழும் செலவைப் புறச்செலவு என்பார்கள். சந்தை தவறும் இடங்களில் இது பெரியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது பதிவாகியிருக்கிறது. 'கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னதும் இந்த வழக்கில்தான். நாட்டில் எங்கே சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு பெருமை வந்திருக்க வேண்டாம். பாலாற்றங்கரையில் பிறந்தவர்கள் இன்று மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம்.

அப்படியென்றால் லாபம் என்ற நோக்கத்தை எடுத்துவிட்டால் ஆறு பிழைக்குமா? நடு ஆசியாவைப் பாருங்கள். ஏரல் கடல் உலகின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றாக இருந்தது. சோவியத் அரசு பருத்தி உற்பத்தியைப் பெருக்க, 1960-களிலிருந்து அதற்கு வரும் அமு தார்யா, சிர் தார்யா என்ற இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் பாசனத்துக்குத் திருப்பியது. ஏரி வற்றி, மீன்பிடி ஊர்கள் தண்ணீரைவிட்டு வெகுதூரத்தில் உப்பு மண்ணில் நின்றன. அங்கே தனி முதலாளி ஒருவர்கூட இல்லை. பருத்தி இலக்கு மட்டும் இருந்தது.

பாலாற்றை மறந்தது லாபக் கணக்கு, ஏரலை மறந்தது திட்டக் கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்: இங்கே வழக்குப் போட ஒரு மன்றமும், கேட்க ஒரு நீதிமன்றமும் இருந்தன. அது முதலாளித்துவம் கொடுத்ததில்லை, ஜனநாயகம் கொடுத்தது. சிலி நாட்டில் 1973-க்குப் பிறகு ராணுவத் தளபதி பினோசே நடத்தியது சந்தைப் பொருளாதாரமும் சர்வாதிகாரமும் சேர்ந்த ஆட்சி. பொருளாதார ஏற்பாடு வேறு, ஆட்சி முறை வேறு.

செய்து பார்த்த நாடுகள்

சோவியத் ஒன்றியம் 1928-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் விவசாயிகளைக் கொண்ட, எழுத்தறிவு குறைந்த நாடு 1957-ல் உலகின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அது சாதனைதான். அதே பாதையில்தான் நிலங்களைப் பறித்துக் கூட்டுப்பண்ணை ஆக்கியதும், 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டதும் நடந்தன. கனரக இயந்திரம் செய்யத் தெரிந்த நாட்டில் ரொட்டிக்கும் செருப்புக்கும் வரிசை நின்றது. 1991-ல் ஒன்றியமே கலைந்தது.

சீனாவின் கதை எனக்கு இன்னும் அதிகம் கற்றுக்கொடுத்தது. 1959-61 பஞ்சத்தில் அங்கே கோடிக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1978-ல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் இரவில் ரகசியமாகக் கூடி, பொது நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதென்று ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டால் சிறை. அடுத்த அறுவடையில் விளைச்சல் பல மடங்கு பெருகியது. அரசு தண்டிக்கவில்லை, அந்த வழியையே நாடு முழுவதும் கொண்டுபோனது. ஆனால் நிலத்தின் உடைமை தனியாருக்குப் போகவில்லை, பொதுவிலேயே இருந்தது. மாறியது விளைச்சல் யாருக்கு என்பதுதான்.

முதலாளித்துவ நாடுகளின் கணக்கிலும் பள்ளங்கள் உண்டு. 1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் 1933 வாக்கில் உழைக்க வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலை இருந்தது, ஆள் இருந்தார்கள், தேவையும் இருந்தது. இவற்றைச் சேர்த்துவைக்க வேண்டிய சந்தை உறைந்து நின்றது.

ஆவடியிலிருந்து ராணிப்பேட்டை வரை

நம் நாடு எந்தப் பக்கம்? 1955-ல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. எஃகு, மின்சாரம், கனரக இயந்திரம் அரசுத் துறைக்கு வந்தன. 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின, அதாவது தனியார் உடைமை அரசுடைமை ஆனது. அரசு நிறுவனமான பெல்லின் (BHEL) ராணிப்பேட்டைத் தொழிற்சாலை அந்த மரபில் வந்தது. அதே காலத்தில்தான் தொழில் தொடங்க லைசென்ஸுக்கு அலைவதும், ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதும் நடந்தன. 1991-ல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது தனியாருக்கும் வெளிநாட்டு முதலீட்டுக்கும் கதவைத் திறந்தார்கள். வயலும் கடையும் தறியும் எந்தக் காலத்திலும் பெரும்பாலும் தனியார் கையில்தான் இருந்தன.

மாமாவின் ரேஷன் அரிசி இங்கேதான் வருகிறது. நெல் விளைவது தனியார் நிலத்தில், அரைப்பது பெரும்பாலும் தனியார் ஆலையில். அரசு வாங்கி இலவசமாகக் கொடுக்கிறது. இது மூன்றாவது கேள்விக்கான பதில், அதாவது பங்கீடு. ஸ்வீடன் செய்வதும் இதுதான்: கம்பெனிகள் தனியாருடையவை, வரி அதிகம், கல்வியும் மருத்துவமும் எல்லோருக்கும். இதற்கு நலவாழ்வு அரசு என்று பெயர். இதைச் சோசலிசம் என்று கொண்டாடுவதும் திட்டுவதும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கங்கள்.

எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதவையும் உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று சிஎம்சி மருத்துவமனை. அது அரசுடையது இல்லை, பங்குதாரருக்கு லாபம் பிரிக்கும் கம்பெனியும் இல்லை.

மறுபடியும் முன்னறைக்கு

சித்தப்பா சங்கத்தைவிட்டு வந்ததற்குக் காரணம் கொள்கை இல்லை. அந்தச் சங்கத்துக்கு வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமல் கூலி நின்றது, பாவும் நின்றது. தேர்தலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பெயர் உறுப்பினர்களுடையது, சாவி அதிகாரியுடையது என்றானபோது, மாஸ்டர் வீவரிடமே திரும்பிப் போனார்.

இப்போது அவர் வீட்டு முன்னறையில் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். நூல் மாஸ்டர் வீவருடையது, தறி சித்தப்பாவுடையது. லுங்கியின் விலையை நிர்ணயிப்பது விசைத்தறி லுங்கி; சில வகை லுங்கிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ல் வந்த சட்டம் சொன்னாலும், சந்தை அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. தலைக்கு மேல் எரிகிற விளக்குக்கு, கைத்தறி நெசவாளர் என்பதால் அரசு தரும் இலவச மின்சாரம். அடுப்படியில் ரேஷன் அரிசி வெந்துகொண்டிருந்தது.

"இதுல எது சித்தப்பா உங்களுக்கு ஒத்து வந்துச்சு?" என்று கேட்டேன். மிதிப்பதை நிறுத்தவில்லை. "சங்கம் நல்லா ஓடுன அந்த நாலு வருசம்டா," என்றார். "கூட்டத்துல எழுந்து நின்னு கணக்கு கேட்டேன். பதில் சொன்னாங்க."